காதைப் பார்த்தே, சுழியைப் பார்த்தே, காலைப் பார்த்தியா?

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உட்காரு. மணவூர் ஸ்டேஷன்ல இறங்குறவன் எல்லாம் உன் குதிரையைப் பத்தித்தான் பேசிக்கினு போறான். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தை வரைக்கும் போய் ஒரு மார்வாரிக் குதிரையைப் பிடிச்சுக்கினு வந்துட்டே. தலையில கொண்டை, கழுத்துல சலங்கை, முதுகுல ஜரிகைத் துணி. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு வுட்டா ரெண்டு முகூர்த்த மாசத்துல போட்ட காசை எடுத்துடலாம்னு கணக்கும் போட்டுட்டே. கணக்குல தப்பு இல்லே. கல்யாணம் பண்ணிக்கிறவன் ஆயுசுல ஒரு ராத்திரிதான் ஏறி உட்காருறான். மறுநாள்லேர்ந்து அவன் மேலதான் மத்தவங்க ஏறி உட்காருறாங்க. அந்த ஒரு ராத்திரிக்கு நீ இன்னா கேட்டாலும் குடுப்பான்.

சரி, சந்தையில இன்னாடா பார்த்து வாங்கினேன்னு கேட்டேன். "காது நுனி ரெண்டும் உள்ள வளைஞ்சு ஒண்ணை ஒண்ணு தொடுது தாத்தா, அசல் மார்வாரி"ன்னே. ரொம்ப சரி. "சுழி சுத்தம்"னே. அதுவும் சரி. "நாலு காலும் வெள்ளை, முகமும் வெள்ளை, பஞ்சகல்யாணி, வீட்டுக்கு யோகம்"னே. அந்த யோகத்துக்குத் தனியா ஒரு தொகை வேற குடுத்திருக்கே. பல்லைப் பார்த்து வயசும் கண்டுபிடிச்சேன்னே. காலைத் தூக்கி அடியில பார்த்தியாடான்னு கேட்டதும் மட்டும் வாயை மூடிக்கினே. வாய்க்குள்ள கையை வுடத் துணிஞ்சவனுக்குக் காலைத் தொட இன்னா கூச்சம்?

நாலு குவிண்டால் எடை இருக்கும் அந்த ஜீவன். நிக்கிறப்போ அதுல நூத்துக்கு அறுபது பங்கு முன்னங்கால் ரெண்டு மேலதான் இறங்குது. அதுக்கு மேல மாப்பிள்ளை. மாப்பிள்ளை கழுத்துல ஆளுயர மாலை. மடியில மச்சான் புள்ளை. இவ்ளோவும் கையகல நாலு குளம்புல நிக்குது. நீ காதுக்கு எண்ணெய் தடவிக்கினு இருக்கே.

இப்போ குதிரை காலைத் தாங்கித் தாங்கி வெக்குதுன்னு ஓடி வந்திருக்கே. என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ஊர்ல ஒருத்தரை வுடாமக் கேட்டுட்டேன்னு எனக்குத் தெரியும். பால் ஊத்துறவன் கோமாரின்னான். டேய், கோமாரி பிளந்த குளம்பு இருக்கிற ஜாதிக்கு வர்றது: மாடு, எருமை, ஆடு, பன்னி. குதிரைக்கு ஒத்தைக் குளம்பு. கோமாரி அதுகிட்ட வரவே வராது. ஊசி போடுறவரை நீ இழுத்துக்கினு வந்திருந்தா அவரு உன்னைப் பார்த்துச் சிரிச்சிருப்பாரு. மோட்டார் செட்டுக்காரன் கழிவு ஆயிலை ஊத்தச் சொன்னானாமே. அவனுக்கு எல்லா நோய்க்கும் ஆயில்தான் மருந்து. அவன் ஜீப்பு மட்டும் மூணு வருஷமா ஸ்டார்ட் ஆகலே. உங்க பெரியம்மா கண்ணு பட்டுடுச்சுன்னு பூசணிக்காய் சுத்தச் சொன்னா. சுத்து, வேணாங்கலே. உடைச்ச பூசணிக்காயைக் கொட்டாய் வாசல்ல போட்டு அதுலயும் வழுக்கி வுழுந்துடப் போகுது, அதை மட்டும் ஓரமாப் போடு.

காலைத் தூக்கிப் பார்க்கிறது பெரிய வித்தை ஒண்ணும் இல்லே. எங்க அப்பன் ஜட்கா ஓட்டினவன். நான் நடக்கக் கத்துக்கிட்டதே குதிரைக் காலைச் சுத்தித்தான். தோள் பக்கத்துல நில்லு, உன் முகம் அதோட வாலைப் பார்க்கணும். கையைத் தோள்லேர்ந்து கீழ தடவிக்கினே கொண்டு போ. திடுக்குன்னு காலைப் பிடிக்காதே. கணுவுக்கு மேல மெல்ல அழுத்தினா அதுவே தூக்கிக் குடுக்கும். பின்னங்காலுக்குப் போறப்போ இடுப்பை ஒட்டி நில்லு, நேர் பின்னால நிக்காதே. குதிரை குணம் தெரிஞ்சுதான் ஆண்டவன் கொம்பு குடுக்கலேம்பாங்க. அந்தக் கொம்புக்கு உண்டான பலத்தையும் பின்னங்கால்லயே சேர்த்து வெச்சுட்டான்னு எனக்கு ஒரு சந்தேகம். நமக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. அங்க ரத்தினசபையில சாமி ஒரு காலைத் தலைக்கு மேல தூக்கி ஆடினாரு, காளி தோத்துட்டா. நீ அவ்ளோ எல்லாம் சிரமப்பட வேணாம், உன் காலு தரையிலேயே இருக்கட்டும். குதிரைக் காலைத் தினம் ஒரு தரம் முழங்கால் உயரத்துக்குத் தூக்கு, போதும்.

முனை மழுங்கின இரும்புக் கொக்கி ஒண்ணு வேணும். குதிகால்லேர்ந்து முன் நுனியைப் பார்த்து நோண்டணும், எதிர்ப்பக்கமா இழுத்தா நடுச்சதையைக் குத்திடுவே. சாணியும் மண்ணும் போனா உள்ள இருக்கிறது தெரியும். சுத்தி வர கெட்டிச் சுவர். அதுக்குள்ள லேசாக் குழிஞ்ச அடித்தட்டு. குதிகால்லேர்ந்து கூம்பிக்கினு வர்ற முக்கோண மெத்தை. கிண்டி ரேஸ் கோர்ஸ்ல குதிரை பார்த்தவங்க அதை ஃப்ராக்னுவாங்க. மெத்தைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு வாய்க்கால், நடுவுல ஒரு கோடு. காலு நல்லா இருந்தா அந்த மெத்தை கட்டை விரலை வெச்சு அழுத்தினா கொஞ்சம் இளகிக் குடுக்கும், நாத்தம் இருக்காது. நேத்து சாயந்திரம் நீ முடி வெட்டிக்கப் போயிருந்தப்போ உன் குதிரைக் காலைத் தூக்கினேன். கொக்கி வாய்க்கால்ல இறங்கினதும் கருப்பா ஒரு கூழு வழிஞ்சு வந்துச்சு. கொட்டாய் வாசல்ல படுத்திருந்த நாய் எழுந்து ஒரு தரம் என்னைப் பார்த்துட்டு ரோட்டுப் பக்கம் போயிடுச்சு.

அதுதான் நோய். த்ரஷ்னு சொல்லுவாங்க, குளம்பு அழுகல்னு வெச்சுக்கோ. காத்துப் படாத இடத்துல, ஈரத்துலயும் சாணியிலயும் வளர்ற கிருமி. உன் கொட்டாய்க்கு வழுவழுன்னு டைல்ஸ் போட்டே, வெளிச்சுவத்துல குதிரைப் படம் எழுதினே, வாட்ஸ்அப்புக்கு போட்டோ எடுக்க லைட்டும் மாட்டினே. மூத்திரம் வடிய ஒரு வாட்டம் வெக்க மட்டும் மறந்தே. அந்தக் குளத்துலதான் உன் பஞ்சகல்யாணி ராப்பகலா நிக்குது. வைத்தியம் முதல்ல கொட்டாய்க்கு, அப்புறம்தான் குதிரைக்கு. தரையைக் காய வை, காய்ஞ்ச வைக்கோலோ மரத்தூளோ தாராளமாப் போடு, நனைஞ்சதை அன்னன்னைக்கே அள்ளு. அழுகினதை டாக்டரோ கைதேர்ந்த லாடக்காரரோ சீவி எடுத்துக் காத்து படும்படி பண்ணணும். நீ வீட்டு அருவாமனையைத் தூக்கிக்கினு கிளம்பிடாதே. பிறகு தினம் நோண்டி, கழுவி, துணியால துடைச்சுக் காய வெச்சு, போவிடோன் அயோடினோ மயில்துத்தக் கரைசலோ டாக்டர் சொல்ற அளவுல பஞ்சுல நனைச்சு வாய்க்கால்ல வெக்கணும். மயில்துத்தம் நல்ல மருந்துதான், ஆனா பச்சைச் சதையில பட்டா எரிச்சுப் புண்ணாக்கிடும். கொஞ்சம் போட்டா ஆறுது, நிறையப் போட்டா சீக்கிரம் ஆறும்னு உங்க அப்பன் யூரியாவுக்குப் போடுற கணக்கை இங்கயும் போடாதே. நேரத்துல பார்த்தா சில வாரத்துல சரியாயிடும். பார்க்காம வுட்டா அழுகல் உள்ள இறங்கி உயிர்ச்சதையைத் தொடும், அப்புறம் நொண்டல் நிரந்தரம்.

யோகத்துக்குப் பணம் குடுத்தியே, அந்த வெள்ளைக் காலைப் பத்தியும் ஒண்ணு கேட்டுக்கோ. வெள்ளை மயிரு இருக்கிற இடத்துல அடித்தோலு ரோஸ் நிறமா இருக்கும். ஐப்பசி கார்த்திகையில கொசஸ்தலை ஆத்துப் பக்கம் சேத்துலயே நடந்தா குளம்புக்கு மேல, கணுவுக்குப் பின்பக்கம், தோலு ஊறி வெடிச்சு அடையடையாப் பொருக்குக் கட்டும். கருப்புக் காலுக்கும் வரும், வெள்ளைக் காலுக்குத்தான் ஜாஸ்தி. பொருக்கை நகத்தால பேத்து எடுத்து வீரத்தைக் காட்டாதே. மருந்துத் தண்ணியில ஊற வெச்சா தானா இளகும். மயிரைக் கத்தரிச்சு, துடைச்சு, காய வெச்சு, களிம்பு போடணும். வெள்ளைக் குளம்பு மெலிசு, கருப்புக் குளம்பு கெட்டின்னு ஒரு பழைய பேச்சு உண்டு. அளந்து பார்த்தவங்க அப்படிப் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க.

இன்னொண்ணு வரும், அப்போதான் நீ நெஜமாவே அலறுவே. ராத்திரி நல்லா நின்ன குதிரை காலையில மூணு காலுல நிக்கும். நாலாவது காலைத் தரையிலயே வெக்காது. எலும்பு முறிஞ்சுபோச்சுன்னு நீ அழுவே, உங்க அம்மா ஒப்பாரி வெப்பா, கடன் குடுத்தவன் வாசல்ல வந்து நிப்பான். பெரும்பாலும் அது முறிவா இருக்காது. குளம்புக்குள்ள சீழ் கட்டியிருக்கும். சுவரு கெட்டியா இருக்கிறதால சீழுக்கு வெளிய வர வழி இல்லே, உள்ளயே அழுத்துது, உசிரு போற வலி. எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டு முன்னங்குளம்பையும் புறங்கையால தொட்டுப் பாரு, ஒண்ணு மட்டும் சுடும். கணுவுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் விரலை வெச்சுத் தேடினா நாடி கிடைக்கும். நல்ல குதிரைக்கு அந்த நாடி தேடித்தான் பிடிக்கணும். சீழ் இருக்கிற காலுல விரலைத் தள்ளுற அளவுக்குத் துடிக்கும். இதை இன்னைக்கே, காலு நல்லா இருக்கிறப்பவே, தொட்டுப் பழகிக்கோ. நல்ல நாடி எப்படி இருக்கும்னு தெரியாதவனுக்குக் கெட்ட நாடி எங்கேர்ந்து தெரியும்?

டாக்டர் வந்து இடுக்கியால குளம்பை அங்கங்க அழுத்திப் பார்ப்பாரு. எந்த இடத்துல துள்ளுதோ அங்க சின்னதாச் சீவி வழி பண்ணுவாரு. சாம்பல் நிறத்துல, கெட்ட நாத்தத்தோட சீழ் பீச்சி அடிக்கும். கொஞ்ச நேரத்துல குதிரை காலை ஊணும், நீ அவரு காலுல வுழுவே. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணியில பேதி உப்பைக் கரைச்சுக் காலை ஊற வெச்சு, பஞ்சு வெச்சுக் கட்டு போடணும். இந்தக் கட்டுக்குப் பச்சைக் குழந்தைக்குக் கட்டுற டயபரைப் போலப் பொருத்தமான சாமான் வேற இல்லேடா. குளம்பை அதுக்குள்ள வெச்சு மேல கெட்டி டேப்பைச் சுத்தினா முடிஞ்சுது. உலகம் பூரா குதிரைக்காரங்க அதைத்தான் பண்றாங்க. மெடிக்கல் ஷாப்ல போய் டயபர் கேக்குறப்போ "எத்தனை மாசக் குழந்தை"ன்னு கேட்டா வயசைச் சொல்லாதே, எடையைச் சொல்லு. அவன் மூஞ்சியைப் பார்க்க நானும் கூட வரேன்.

பேசாம வுட்டா இன்னா ஆவும்? சீழு மேல ஏறி, குளம்பும் மயிரும் சேருற விளிம்புல உடைச்சுக்கினு வரும். அதுவரைக்கும் அந்த ஜீவன் படுற பாடு உன் கணக்குல.

ஆணி குத்தினாலும் இதே கதிதான், இதைவிட மோசமாவும் போகும். உன் தொழில் நடக்கிற இடமே கல்யாணப் பந்தல். பந்தலைப் பிரிச்சவன் ஆணியை அப்படியே சிதற வுட்டுட்டுப் போவான். மெத்தைப் பக்கம் ஆணி ஏறியிருந்தா, இழுத்துப் பிடுங்கி எறிஞ்சுட்டு மஞ்சளை அப்பிடாதே. உள்ள எலும்பும் நரம்பும் மூட்டும் இருக்குது. குதிரையை நடக்க வுடாம நிறுத்தி, டாக்டரைக் கூப்பிடு. ஆணி எந்தப் பக்கம் எவ்ளோ ஆழம் போயிருக்குதுன்னு எக்ஸ்ரேயில பார்த்துட்டு எடுக்கிறதுதான் நல்லது. நிறுத்த முடியாம எடுத்தே ஆகணும்னா, குத்தின இடத்துல அடையாளம் வெச்சு, ஆணியையும் பத்திரமா வெச்சுக் காட்டு. தடுப்பூசியைப் பத்திக் கட்டாயம் கேளு. டெட்டனஸ் ஜன்னியில குதிரையைப் போலச் சட்டுனு மாட்டிக்கிற ஜீவன் வீட்டு மிருகங்கள்லயே குறைச்சல். அது வந்துட்டா ஜரிகைத் துணியை மடிச்சுப் பொட்டியில வெச்சுடலாம்.

இதெல்லாம் சில்லறை. இனிமே சொல்லப் போறதுதான் எமன். காதைத் தீட்டிக்கோ, முடிஞ்சா உன் குதிரையைப் போல ரெண்டு நுனியும் தொடுற அளவுக்கு.

கல்யாண வீட்டுக்குப் போனா குதிரைக்கு ராஜ உபசாரம். மாப்பிள்ளையோட அத்தை லட்டு ஊட்டுறா. சித்தப்பா வாழைப்பழச் சீப்பையே நீட்டுறான். பந்தியில மிஞ்சின சாதத்தை அண்டாவோட கொண்டாந்து வெக்கிறாங்க. நீயும் பல்லைக் காட்டிக்கினு வீடியோ எடுக்கிறே. வீட்டுக்கு வந்தா கொள்ளு மூட்டையைக் கொட்டாய்லயே சாத்தி வெச்சிருக்கே. கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும். கயிறு அவுந்த ஒரு ராத்திரி போதும், அரை மூட்டையைக் காலி பண்ணிடும். இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு பெரியவங்க சொன்னது மனுசனுக்கு. உன் குதிரை இப்பவே கழுத்துல மடிப்பு வுழுந்து கொழுத்துத்தான் இருக்குது, அதுக்கு எள்ளும் வேணாம், மூட்டைக் கொள்ளும் வேணாம். வேளைக்கு அளந்து போடு, மிச்ச வயித்தைப் புல்லு ரொப்பட்டும்.

குதிரையால வாந்தி எடுக்க முடியாது, தெரியுமா? உள்ள போனது போனதுதான். அளவுக்கு மீறின மாவுச்சத்து பெருங்குடல்ல இறங்கிப் புளிச்சு, அங்க இருக்கிற நல்ல கிருமி செத்து, விஷம் ரத்தத்துல கலக்குது. அந்த விஷம் எங்க போய் உட்காருதுன்னு நினைக்கிறே? வயித்துல இல்லே, குளம்புல. குளம்புச் சுவருக்கும் உள்ள இருக்கிற எலும்புக்கும் நடுவுல அறுநூறு மடிப்பு கிட்ட இருக்குது, ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கினு. நகமும் சதையுமாப் பிடிச்சிருக்கிற அந்தக் கோப்புதான் குதிரையோட மொத்த எடையையும் தாங்குது. அது வீங்கிப் பிடி வுட்டுச்சுன்னா எலும்பு உள்ளயே சாஞ்சு இறங்கும். முத்திப் போனா அடித்தட்டைப் பொத்துக்கினு வெளியவே வரும். டாக்டருங்க லாமினைட்டிஸ்னு சொல்றது இதைத்தான்.

தின்ன அன்னைக்கே தெரியாது, அதுல இருக்குது சூது. ஒரு நாளோ ஒண்ணரை நாளோ கழிச்சுத்தான் நிலை மாறும். முன்னங்கால் ரெண்டையும் முன்னாடி நீட்டி, பாரத்தைப் பின்னாடி போட்டு, குதிகால்ல நிக்கும். திரும்பச் சொன்னா திரும்பாது. ஒரு காலைத் தூக்கலாம்னா மத்த காலு தாங்காது, அதனால தூக்கவே வுடாது. ரெண்டு குளம்பும் சுடும், ரெண்டு நாடியும் அடிக்கும். நீ பார்த்துட்டு "குதிரைக்குத் திமிரு"ன்னு சாட்டையை எடுப்பே. அந்தச் சாட்டையை முதல்ல என்கிட்டக் குடு.

கொள்ளு மூட்டை காலியாக் கிடக்கிறதைப் பார்த்த அந்த நிமிஷமே, நொண்டுறதுக்கு முன்னாடியே, டாக்டருக்குப் போன் போடு. அவரு மூக்கு வழியா குழாய் போட்டு மருந்து ஏத்தறதுன்னா அதுக்கெல்லாம் நேரம் இருக்கிறப்போதான் பலன். அவரு வர்ற வரைக்கும் காலு நாலையும், முக்கியமா முன்னங்காலை, முழங்காலுக்குக் கீழ வரைக்கும் ஐஸ் தண்ணியில நிறுத்து. ஒரு மணி நேரம் வெச்சுட்டு டீ குடிக்கப் போறதில்லே. ரெண்டு மூணு நாள் வுடாம வெச்சாத்தான் பிரயோசனம். கல்யாண மண்டபத்துக்கு ஐஸ் கட்டி சப்ளை பண்றவன் உனக்குத் தெரிஞ்சவன்தானே, ஒரு தடவையாவது நல்ல காரியத்துக்கு அவனைக் கூப்பிடு. தானியம் மொத்தமா நிறுத்தணும். ஆழமா மணலோ மரத்தூளோ போட்டு நிறுத்தணும். நடக்க வெச்சா ரத்தம் ஓடும்னு எவனாவது சொன்னா அவனை நடக்க வை, குதிரையை வுட்டுடு. வலி மருந்து டாக்டர் குடுப்பாரு, மனுசன் மாத்திரையை நீ உடைச்சுப் போடாதே. எலும்பு எவ்ளோ சாஞ்சிருக்குதுன்னு எக்ஸ்ரேயில பார்த்து, லாடக்காரரும் டாக்டரும் சேர்ந்துதான் அப்புறம் குளம்பைச் செதுக்கணும். தின்னு கெட்டது மட்டும் இல்லே, குட்டி போட்ட பெண் குதிரைக்கு நஞ்சு விழாம உள்ளயே தங்கினாலும் இந்த நோய் வரும். அதுவும் நினைப்புல இருக்கட்டும்.

இது உன் ஜரிகைக் குதிரைக்கு மட்டும் வர்ற சாபம் இல்லே. அமெரிக்காவுல செக்ரட்டேரியட்னு ஒரு குதிரை. 1973-ல அங்க இருக்கிற மூணு பெரிய பந்தயத்தையும் ஜெயிச்சுது, கடைசிப் பந்தயத்துல ரெண்டாவது குதிரையை 31 குதிரை நீளத்துக்குப் பின்னால தள்ளிட்டு வந்துது. கிண்டியில எனக்கு இதைச் சொன்னவங்க இன்னமும் கண்ணைத் துடைச்சுக்கினுதான் சொல்லுவாங்க. (சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன், உங்க பாட்டிகிட்டக் கேட்காதே.) அவ்ளோ பெரிய குதிரையை 1989-ல ஊசி போட்டுத் தூங்க வெச்சாங்க, இந்த லாமினைட்டிஸ்தான் காரணம். பார்பரோன்னு இன்னொண்ணு, 2006-ல கென்டக்கி டெர்பி ஜெயிச்சுது, ரெண்டு வாரத்துல அடுத்த பந்தயத்துல பின்னங்கால் முறிஞ்சுது. ஆபரேஷன் பண்ணிக் காலை ஒட்ட வெச்சாங்க. முறிஞ்ச காலுக்காகப் பாரத்தை எல்லாம் சுமந்த நல்ல காலுல இந்த நோய் வந்து, 2007 ஜனவரியில போச்சு. அதனால ஒரு காலு நொண்டுறப்போ நொண்டாத காலையும் தொட்டுப் பாருன்னு சொல்றேன்.

நம்ம பக்கமும் இந்தக் கதைக்குப் பழைய சாட்சி இருக்குது. மார்க்கோ போலோன்னு வெனிஸ்காரன் ஒருத்தன் 13-ஆம் நூற்றாண்டு முடியிற சமயத்துல பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தான். இங்க ராஜாக்கள் அரபுக் குதிரையை வருசத்துக்கு ஆயிரக்கணக்குல வாங்குறாங்க, வருசம் முடியிறப்போ நூறு கூட உசுரோட மிஞ்சுறதில்லேன்னு எழுதி வெச்சிருக்கான். காரணமும் சொல்றான்: பார்த்துக்கத் தெரியலே, சமைச்ச சோத்தைப் போடுறாங்க, லாடம் அடிச்சு வைத்தியம் பார்க்கிற ஆளு இல்லே. அப்படிப்பட்ட ஆளை இங்க வர வுடாம வியாபாரிங்களே தடுத்தாங்களாம். குதிரை செத்தாத்தானே அடுத்த கப்பல் குதிரை விக்கும்! வெளியூர்க்காரன் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், அதை நான் இல்லேங்கலே. நம்மகிட்ட நூலு இல்லாமலும் இல்லே. சாலிஹோத்திரர், நகுலன்னு பேரு போட்ட அசுவ சாஸ்திரம் எல்லாம் இருந்துது. நூலு பொட்டியில இருந்துது, குதிரை லாயத்துல இருந்துது. பண்டாரத்துப் பொன்னு போனது மட்டும்தான் மிச்சம். எழுநூறு வருசம் ஆச்சு, நீ இன்னும் அண்டாவுல சோறு வெக்கிறே.

லாடத்துக்கு வரேன். ஊர்ல மாட்டுக்கு லாடம் கட்டுறவரு நல்ல மனுசன்தான், கை வேகம் உண்டு. ஆனா மாட்டைக் கயித்தால சாய்ச்சுப் போட்டு, பிளந்த குளம்புக்கு ரெண்டு தகடு அடிக்கிற வேலை வேற. குதிரையை நிக்க வெச்சு, குளம்பை முதல்ல சமமா அராவி, அதோட அளவுக்கு லாடத்தை வளைச்சுப் பொருத்தணும். ஆணி வெளிச்சுவத்துக்குள்ளதான் போகணும். சுவருக்கும் அடித்தட்டுக்கும் நடுவுல ஒரு வெளிர்க்கோடு தெரியும், அதைத் தாண்டி உள்ள போனா உயிர்ச்சதை. லாடத்துக்கு ஏத்தபடி குளம்பைச் செதுக்குறவன் கையில குதிரையைக் குடுக்காதே. லாடம் அடிச்ச மறுநாள் நொண்டுச்சுன்னா ஆணி நெருக்குதுன்னு அர்த்தம், அதைக் கழட்டணும். உன் குதிரை லாடம் அடிச்சு எத்தனை மாசம் ஆச்சுன்னு கேட்டா "இரும்பு இன்னும் தேயலையே"ன்றே. இரும்பு தேயாதுடா, குளம்பு வளருது! மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைய வளருது. ஆறு வாரம், மிஞ்சினா எட்டு வாரம், அதுக்குள்ள கழட்டிச் சீவி மறுபடி அடிக்கணும். உன்னோடது முன் நுனி நீண்டு போய், குதிகால் தணிஞ்சு, லாடத்து மேலயே ஏறி நிக்குது. அதுவும் நேத்துப் பார்த்தேன்.

தணிகைமலைப் படியில மாப்பிள்ளையைக் குதிரை மேல வெச்சு போட்டோ எடுக்கணும்னு ஒரு பார்ட்டி கேட்டாங்களாமே. 365 படி, கருங்கல்லு, குதிரைக் காலுல வழவழன்னு இரும்பு. முருகன் புத்திசாலி, மயிலை வெச்சுக்கிட்டாரு, லாடச் செலவே இல்லே. அந்தப் பார்ட்டிகிட்ட அட்வான்ஸைத் திருப்பிக் குடு.

குளம்புச் சுவத்துல மேலேர்ந்து கீழ வெடிப்பு தெரிஞ்சா லாடக்காரருகிட்டக் காட்டு. விளிம்புலேர்ந்து ரத்தம் கசிஞ்சா டாக்டர்கிட்டக் காட்டு. எண்ணெய் பூசினா பளபளக்கும், ஒட்டாது. மேல விளிம்புல புதுக் குளம்பு முளைச்சு நுனிக்கு இறங்கி வர ஒரு வருசம் கிட்ட ஆவும், அதுவரைக்கும் பொறுமைதான் மருந்து. நொண்டி வந்து வந்து போகுது, ரெண்டு முன்னங்காலும் மாறி மாறி நுனியில வெக்குது, சூடும் இல்லே நாத்தமும் இல்லேன்னா அது குதிகாலுக்குள்ள இருக்கிற சின்ன எலும்புல வர்ற தேய்மானமா இருக்கலாம். அதை என் விரலும் சொல்லாது, உன் யூடியூபும் சொல்லாது. எக்ஸ்ரே வேணும். பழுக்கக் காய்ச்சின கம்பியால காலுல சூடு போட்டா நொண்டல் போகும்னு ஒருத்தர் வருவாரு. சூடு போட்டதும் குதிரை ஓடும்தான், அது குணமாகி ஓடுற ஓட்டம் இல்லே.

இப்போ உனக்கு ஆகவேண்டியதைச் சொல்றேன். உன் குதிரைக்கு அழுகலும் நீண்டு போன குளம்பும்தான். நாடி நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துது. 1962-க்குப் போன் போடு, கால்நடை ஆம்புலன்ஸ் வரும், காசு கேட்காது. அவங்க மேல பார்க்கணும்னு சொன்னா மெட்ராஸ்ல வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்குது, 1903-லேர்ந்து நடக்குது, குதிரை அவங்களுக்குப் புதுசு இல்லே. சென்ட்ரலுக்குப் பக்கம்தானேன்னு குதிரையை மணவூர் பிளாட்பாரத்துக்கு இழுத்துக்கினு வந்துடாதே, லோக்கல் ரயில்ல ஏத்த மாட்டாங்க, வேன் பிடி. கொட்டாய்த் தரைக்கு ஒரு கொத்தனாரைப் பார்த்து வாட்டம் வை. கொள்ளு மூட்டையைத் தூக்கி எங்க வீட்டு உள்ளறையில வெச்சுடு, சாவி என்கிட்ட இருக்கட்டும். காலு ஆறுற வரைக்கும் வர்ற முகூர்த்தம் எதுக்கும் குதிரை போகக் கூடாது. கேக்குற மாப்பிள்ளையை நடந்து வரச் சொல்லு, அவனுக்குக் காலு நல்லாத்தானே இருக்குது.